ஏலியனை முதலில் வரைந்தவர்கள்: காமிக்ஸ் ஓவியர்களும் அறிவியல் புனைவு சினிமாவும்

கிராமத்துக் கதை ஒன்றைப் படமாக்க நினைக்கும் இயக்குநர் நேராக ஒரு கிராமத்துக்குக் கிளம்பிப் போகலாம். தெருவில் நடந்து பார்க்கலாம், பிடித்த வீட்டைப் படம் பிடித்து வந்து கலை இயக்குநரிடம் காட்டலாம். விண்வெளிக் கதையைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது. அடுத்த நூற்றாண்டின் சரக்கு விண்கலத்துக்குள் சாப்பாட்டு அறை எப்படி இருக்கும் என்று எங்கே போய்ப் பார்ப்பது? திரைக்கதையில் ‘விண்கலம், உட்புறம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். கதவு மேலே ஏறித் திறக்குமா, பக்கவாட்டில் நகருமா? சுவர் பளபளப்பாக இருக்குமா, எண்ணெய்க் கறை படிந்திருக்குமா? இதையெல்லாம் யாராவது வரைந்து கொடுத்தால்தான் தச்சர் பலகையை அறுக்கவே முடியும்.

இப்படி, படப்பிடிப்புக்கு முன்பே படத்தின் உலகத்தைக் கண்டுபிடிப்பதற்காக வரையும் ஓவியங்களுக்குத்தான் கான்செப்ட் ஆர்ட் என்று பெயர். இதை ஸ்டோரிபோர்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டோரிபோர்டு, காட்சி எந்த வரிசையில் போகிறது, கேமரா எங்கே நிற்கிறது என்பதைக் கட்டம் கட்டமாகச் சொல்வது. கான்செப்ட் ஆர்ட், அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் பொருள் என்ன, அது எதனால் ஆனது, யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்வது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ப்ரொடக்‌ஷன் டிசைனர் செட் போடுகிறார், உடை வடிவமைப்பாளர் துணி வெட்டுகிறார்.

1970களின் பிற்பகுதியில் இந்த வேலைக்கு ஹாலிவுட் புதிதாகச் சிலரைத் தேடிப் போனது. பிரெஞ்சு காமிக்ஸ் வரைந்தவர்கள், நாவல்களுக்கு அட்டைப்படம் வரைந்தவர்கள், பத்திரிகையில் கார்ட்டூன் போட்டவர்கள், கொடுங்கனவுகளை ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள். இன்று நாம் ‘எதிர்காலம்’ என்றதும் மனதில் காணும் அழுக்கு நகரம், அடிபட்ட விண்கலம், எலும்பும் இயந்திரமும் பின்னிய ஜந்து எல்லாம் இவர்கள் கையில் பிறந்தவை. இவர்கள் சினிமாவுக்குக் கொண்டுவந்தது அழகான விண்கலப் படங்களை மட்டும் அல்ல என்பது என் எண்ணம். ஓர் இடத்தை நாம் நம்ப வேண்டும் என்றால் அங்கே ஏற்கெனவே யாரோ வாழ்ந்திருக்க வேண்டும் என்ற பார்வையைக் கொண்டுவந்தார்கள். அதுதான் பெரிய கொடை.

காமிக்ஸ் ஓவியருக்கு அந்தப் பார்வை எப்படி வந்தது? அவர் வேலையே அப்படி. ஸ்டுடியோவில் உடைக்கு ஒரு துறை, வாகனத்துக்கு ஒரு துறை, கட்டடத்துக்கு ஒரு துறை. காமிக்ஸில் சட்டைப் பொத்தான் முதல் வானத்தில் தெரியும் மூன்றாவது நிலா வரை ஒரே கைதான் வரைய வேண்டும். அதே அறையை அடுத்த கட்டத்தில் வேறு கோணத்தில் காட்டும்போது கதவு இடம் மாறியிருந்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் வரைவதற்கு முன்பே அந்த இடம் முழுதாக மனதில் கட்டப்பட்டிருக்கும். காகிதத்துக்கு பட்ஜெட்டும் கிடையாது. பத்தாயிரம் பேர் நிற்கும் விண்வெளித் துறைமுகத்துக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் செலவு ஒன்றுதான்: மையும் நேரமும்.

காமிக்ஸும் சினிமாவும் கைகோத்தது 1970களில்தான் முதன்முறை என்று சொல்ல முடியாது. அலெக்ஸ் ரேமண்ட் 1934இல் வரையத் தொடங்கிய ‘ஃப்ளாஷ் கார்டன்’ இரண்டே ஆண்டுகளில் தொடர்படமாகத் திரைக்கு வந்தது. 1950இல் வந்த ‘டெஸ்டினேஷன் மூன்’ படத்துக்கு நிலவின் நிலப்பரப்பைத் தீட்டியவர் செஸ்லி போன்ஸ்டெல், விண்வெளி ஓவியங்களுக்குப் பெயர்போனவர். ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் ஓவியரின் பங்கு பெரும்பாலும் பின்னணித் திரையோடு நின்றுவிட்டது. படத்தின் உலகத்தையே அவரிடம் ஒப்படைக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தத் துணிச்சலைக் காட்டிய ஆள் கடைசியில் தன் படத்தை எடுக்கவே இல்லை.

பாரிஸில் கூடிய கூட்டம்

சிலி நாட்டில் பிறந்த இயக்குநர் அலெஹாந்த்ரோ ஜோடோரோவ்ஸ்கி, 1970களின் நடுவில் ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலைப் படமாக்கப் பாரிஸில் கடை விரித்தார். கேமராமேனைத் தேடுவதற்கு முன் ஓவியர்களைத் தேடினார். அவர் திரட்டிய ஆட்களைப் பாருங்கள்.

முதலாமவர் ழான் ஜிரோ. தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இவர் கோடு நன்றாகப் பழக்கம். லயன்-முத்து காமிக்ஸில் கேப்டன் டைகராக வந்த மூக்குடைந்த குதிரைப்படைக்காரரை வரைந்தவர் இவர்தான். பிரெஞ்சில் அந்தத் தொடரின் பெயர் ‘ப்ளூபெரி’. சார்லியே கதை எழுத, 1963இல் தொடங்கியது. புழுதி படிந்த தொப்பி, கிழிந்த கோட், வெயிலில் வெடித்த மரப்பலகை என்று டைகர் கதைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் வயது தெரியும். அதே மனிதர் ‘மோபியஸ்’ என்ற இன்னொரு பெயரில் விண்வெளிக் கதைகள் வரைந்தார். 1974 இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து ‘மெத்தால் உர்லான்’ என்ற இதழைத் தொடங்கினார். அதில் வந்த ‘அர்ஸாக்’ கதையில் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஒருவன் பெரிய பறவை போன்ற ஒன்றின் மேல் அமர்ந்து விசித்திர நிலங்களைக் கடந்து போகிறான், அவ்வளவுதான். குதிரையும் புழுதியுமான கௌபாய் கதைகளில் பழகிய கை என்பதால் அந்தக் கற்பனை நிலத்திலும் கல் கல்லாகவே இருந்தது, தூசி தூசியாகவே இருந்தது.

அடுத்தவர் கிறிஸ் ஃபாஸ். இங்கிலாந்தில் அறிவியல் புனைவு நாவல்களுக்கு அட்டை வரைந்தவர். இவருடைய விண்கலங்கள் ராக்கெட் போலக் கூராக இருக்காது. மீன் போலவோ பூச்சி போலவோ பருத்து, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து, பெயின்ட் உரிந்து கிடக்கும். மூன்றாமவர் சுவிட்சர்லாந்தின் ஹெச்.ஆர். கீகர். சூரிச்சில் கட்டடக்கலையும் தொழில்முறை வடிவமைப்பும் படித்தவர், வண்ணத்தைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ் வைத்து எலும்பும் குழாயும் சதையும் ஒன்றாகிப்போன உருவங்களைத் தீட்டிக்கொண்டிருந்தவர். சிறப்புக் காட்சிகளைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து டான் ஓ’பேனன் என்ற இளைஞரையும் ஜோடோரோவ்ஸ்கி வரவழைத்தார்.

மோபியஸ் முழுப் படத்துக்கும் ஸ்டோரிபோர்டு வரைந்து முடித்தார். அந்த ஓவியங்களை ஒரு தடித்த புத்தகமாகத் தொகுத்து ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் பணம் போடவில்லை. முயற்சி அத்தோடு நின்றது. ஓ’பேனன் கையில் காசில்லாமல் லாஸ் ஏஞ்சலஸ் திரும்பி, நண்பர் ரொனால்ட் ஷுசெட் வீட்டில் தங்கினார். அங்கே உட்கார்ந்து எழுதியதுதான் ‘ஏலியன்’.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எடுக்கப்படாத படம் என்று ‘டியூன்’ முயற்சியை ஒரு தோல்வியாகக் குறித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதுவரை ஒருவரையொருவர் அறியாத ஓவியர்களை ஒரே வேலையில் சேர்த்துவைத்து, ஒரு படத்தின் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வோர் ஓவியர் என்று பிரித்துக் கொடுக்கலாம் என்பதை முதலில் செய்து காட்டியது அந்த முயற்சிதான். ‘டியூன்’ கதையில் வில்லன்களான ஹார்க்கோனென் குலத்தின் உலகம் கீகருக்கு, கப்பல்கள் ஃபாஸுக்கு, உடைகள் மோபியஸுக்கு. அந்தப் பங்கீடு அப்படியே ‘ஏலியன்’ படத்துக்குள் நுழைந்தது.

இரண்டு கைகள், இரண்டு உலகங்கள்

‘ஏலியன்’ 1979இல் வெளிவந்தது. நாஸ்ட்ரோமோ என்ற சரக்கு விண்கலத்துக்குள் வேற்றுக்கிரக ஜந்து ஒன்று புகுந்துவிடும் கதை. கான்செப்ட் ஆர்ட் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்டும் படம் இதுதான். ஏனென்றால் இதில் வடிவமைப்பே பாதிக் கதையைச் சொல்கிறது.

மனிதர்கள் சம்பந்தப்பட்டதெல்லாம் ரான் காப் வரைந்தது. இளவயதில் டிஸ்னியில் வேலை பார்த்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸின் மாற்றுப் பத்திரிகை ஒன்றில் அரசியல் கார்ட்டூன் போட்டவர். ஓ’பேனனின் முந்தைய படமான ‘டார்க் ஸ்டார்’ விண்கலத்தை வடிவமைத்ததும் அவரே. காப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு: விண்கலம் உண்மையிலேயே ஓடும் என்று நினைத்துத்தான் வரைவார். எரிபொருள் எங்கே, காற்று எப்படி வருகிறது, பழுது பார்க்க ஆள் எந்த வழியாக நுழைவார் என்று யோசித்துவிட்டுத்தான் கோடு போடுவார்.

நாஸ்ட்ரோமோ விண்கலத்தின் கதவுகளுக்கு அருகே பாருங்கள். சின்னச் சின்னச் சதுரங்களில் குறியீடுகள் ஒட்டியிருக்கும். இந்தப் பக்கம் செயற்கை ஈர்ப்பு விசை உண்டு, அந்தப் பக்கம் இல்லை. இங்கே காற்றழுத்தம் கிடையாது, விண்வெளி உடை தேவை. இது குளிர்பதன அறை. விமான நிலையத்தில் நாம் பார்க்கும் அறிவிப்புச் சின்னங்களைப் போல ஒரு முழுத் தொகுதியையே காப் வடிவமைத்தார். படத்தில் எந்தப் பாத்திரமும் அவற்றைச் சுட்டிக்காட்டிப் பேசாது. பார்வையாளர் பலர் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனாலும் அவை அங்கே இருப்பதால், இது ஒரு நிறுவனத்தின் கப்பல், இதில் விதிகள் உண்டு, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் இதில் பயணிக்கிறார்கள் என்பது நமக்குள் இறங்கிவிடுகிறது.

கதையின் முக்கியமான ஒரு திருப்பத்துக்கும் காப்தான் காரணம். அந்த ஜந்துவை ஏன் சுட்டுக் கொன்றுவிடக் கூடாது என்ற கேள்வி திரைக்கதையில் இடித்துக்கொண்டே இருந்தது. அதன் ரத்தம் அமிலமாக இருக்கட்டும், சுட்டால் கப்பலின் தரையையே அரித்துவிடும் என்று யோசனை சொன்னவர் அவர். பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்றே எந்நேரமும் யோசிக்கிற ஓவியர் பக்கத்தில் இருந்தால் கிடைக்கும் பயன் இது.

வேற்றுக்கிரகம் சம்பந்தப்பட்டதெல்லாம் கீகருடையது. அவருடைய ஓவியங்களின் தொகுப்பான ‘நெக்ரோனொமிகான்’ 1977இல் வந்தது. ஓ’பேனன் அதை இயக்குநர் ரிட்லி ஸ்காட்டிடம் காட்டினார். அதில் ‘நெக்ரோனாம் 4’ என்ற ஓவியம்: பின்னோக்கி நீண்டு வளைந்த மண்டை, முதுகில் குழாய்கள், பற்கள் தெரியும் வாய். இதுதான் தேவை என்று ஸ்காட் அங்கேயே முடிவு செய்தார்.

கீகர் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவுக்கு வந்து தன் கையாலேயே உருவாக்கினார். நிஜ எலும்புகளை வரவழைத்தார். பிளாஸ்டிசின் களிமண்ணில் உடலைப் பிசைந்து, எலும்புகளையும் வரிவரியான குழாய்களையும் கார் பாகங்களையும் அதில் பதித்தார். தலையின் முன்பகுதியில், ஒளி ஊடுருவும் மூடிக்குக் கீழே, ஒரு மண்டையோட்டை வைத்தார். கண்களை வைக்கவில்லை. அது எங்கே பார்க்கிறது என்று தெரியாதபோதுதான் பயம் முழுமையாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாய் இயங்கும் இயந்திர வேலையை இத்தாலியரான கார்லோ ராம்பால்டி செய்தார். அந்த உடையை அணிந்து நடித்தவர் பொலாஜி படேஜோ, லண்டனில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர். ஏறத்தாழ 7 அடி உயரம், மெலிந்த நீளமான கைகால்கள். உள்ளே மனிதர் இருக்கிறார் என்பதையே நாம் மறந்துபோவதற்கு அந்த உடல்வாகு பெரிதும் காரணம்.

பாழடைந்த வேற்றுக்கிரகக் கப்பலுக்குள் ஒரு பிரம்மாண்டமான உடல் இருக்கையோடு சேர்ந்து புதைபடிவமாகிக் கிடக்கும் காட்சி நினைவிருக்கிறதா? அந்த செட்டுக்கும் கீகரே வண்ணம் தீட்டினார். அது இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, தொலைவிலிருந்து எடுத்த காட்சியில் பெரியவர்களுக்குப் பதிலாகக் குழந்தைகளுக்குச் சின்ன விண்வெளி உடை அணிவித்து நிறுத்தினார் ஸ்காட். அதில் அவருடைய பிள்ளைகளும் உண்டு.

மோபியஸ் இந்தப் படத்தில் சில நாட்கள்தான் இருந்தார். ஆனால் கப்பலிலிருந்து கிரகத்தில் இறங்கும் மூன்று பேர் அணியும் அந்தக் கனமான விண்வெளி உடை அவருடையது. நாசாவின் வெள்ளை உடையைப் போல இல்லாமல், ஜப்பானிய சாமுராய் கவசத்தின் சாயலோடு, தட்டுத் தட்டாக அடுக்கி, பழையதாக இருக்கும். உடை வடிவமைப்பாளர் ஜான் மொல்லோ அதைத் தைக்கத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இப்போது மொத்தமாகப் பாருங்கள். மனிதர்களின் கப்பலில் நேர்க்கோடு, பொத்தான், எழுத்து, எச்சரிக்கைச் சின்னம். மற்றதன் கப்பலில் விலா எலும்பு, ஈரம், துளை. இரண்டையும் ஒரே ஆள் வரைந்திருந்தால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், எங்கோ ஒரு சாயல் ஒட்டியிருக்கும். இரண்டு வெவ்வேறு மனங்கள் வரைந்ததால்தான் ஒன்றுக்கொன்று நிஜமாகவே அந்நியமாக இருக்கின்றன. அடுத்த ஆண்டு ஆஸ்கர் விழாவில் கீகரும் ராம்பால்டியும் குழுவினரும் சிறப்புக் காட்சிகளுக்கான விருதைப் பெற்றார்கள்.

பதினாறு பக்கங்களில் ஒரு நகரம்

பாரிஸில் ‘டியூன்’ வேலைக்கிடையே சும்மா இருந்த நேரத்தில் ஓ’பேனன் ஒரு சின்னக் கதை செய்திருந்தார். பழைய துப்பறியும் கதைகளின் பாணியிலேயே, ஆனால் எதிர்கால நகரத்தில் நடக்கும் கதை. அது மோபியஸுக்குப் பிடித்துப்போய், அவர் தம் பாணியில் வரைந்தார். ‘தி லாங் டுமாரோ’ என்று 1976இல் ‘மெத்தால் உர்லான்’ இதழில் வந்தது. 16 பக்கம்தான்.

அதில் வரும் நகரக் காட்சியை மெதுவாகப் பார்க்க வேண்டும். அதுவரை எதிர்கால நகரம் என்றால் அகலமான சாலை, இடைவெளி விட்ட கோபுரங்கள், வெளிச்சம். மோபியஸின் நகரம் கீழ்நோக்கிப் போகிறது. கிணறு போல ஆழமான இடைவெளி; இருபுறமும் அடுக்கடுக்காக மாடிகள், பாலங்கள், பலகைகள்; நடுவே எல்லா உயரத்திலும் பறக்கும் வாகனங்கள். எது தரைத்தளம் என்றே தெரியாது. யாரும் திட்டமிட்டுக் கட்டிய நகரமாகத் தோன்றாது. ஒன்றின் மேல் ஒன்றாகத் தேவைக்குத் தேவை கட்டிக்கொண்டே போனதுபோல இருக்கும். அதில் தொப்பியும் கோட்டும் அணிந்த துப்பறிவாளர் ஒருவர் அலைகிறார்.

இந்த இதழ்கள் ரிட்லி ஸ்காட்டின் கையில் இருந்தன. 1982இல் அவர் எடுத்த ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு மோபியஸின் பக்கங்கள் முக்கியமான தூண்டுதல் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மோபியஸைப் படத்தில் வேலை செய்யவும் அழைத்தார். அப்போது அவர் ரெனே லலூவின் அனிமேஷன் படத்தில் மூழ்கியிருந்ததால் மறுத்துவிட்டார், பின்னாளில் அதற்காக வருந்தினார்.

அந்த இடத்துக்கு வந்தவர் சிட் மீட். இவர் காமிக்ஸ்காரர் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஃபோர்டு கார் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்து, பிறகு தனியாகத் தொழில் செய்தவர். காவல்துறையின் பறக்கும் வண்டியை வரையத்தான் அவரை அழைத்தார்கள். ஆனால் அவர் வண்டியை வெறும் வெள்ளைத்தாளில் வரைந்து தருகிறவர் இல்லை. அது நிற்கும் தெரு, மழை ஈரம், பின்னால் உள்ள கடை, குழாய் எல்லாவற்றோடும் வரைந்து கொடுத்தார். அந்தத் தெருவே படத்துக்கு வேண்டும் என்றார் ஸ்காட். வண்டிக்கு வந்தவர் நகரத்தையும் வரைந்தார்.

அந்த அழுக்குக்கும் நெரிசலுக்கும் பட்ஜெட் காரணமும் உண்டு. புதிய நகரத்தைக் கட்டப் பணம் கிடையாது. பர்பேங்கில் வார்னர் ஸ்டுடியோ வளாகத்தில் பல பத்தாண்டுகளாக நின்றிருந்த நியூயார்க் தெரு செட் இருந்தது. ப்ரொடக்‌ஷன் டிசைனர் லாரன்ஸ் பால் அதை இடிக்காமல், பழைய செங்கல் முகப்புகளின் மேலேயே குழாய்களும் காற்றுப் போக்கிகளும் நியான் பலகைகளும் பொருத்தினார். பழைய கட்டடத்தை விட்டுவிட்டு அதன்மேல் புதிய இயந்திரங்களை ஒட்டிக்கொண்டே போகும் நகரம் என்ற கருத்து இப்படிக் கதைக்கும் பொருந்தியது, கணக்குக்கும் பொருந்தியது. இரவும் மழையும் புகையும் செட்டின் எல்லைகளை மறைத்தன. மோபியஸ் காகிதத்தில் அடுக்கியதை இவர்கள் நிஜச் சுவரில் அடுக்கினார்கள்.

நட்சத்திரப் போர்களும் பழைய நண்பர்களும்

ஜார்ஜ் லூகாஸ் முதலில் எடுக்க ஆசைப்பட்டது ‘ஃப்ளாஷ் கார்டன்’. உரிமை கிடைக்கவில்லை. அதனால் சொந்தமாக ஒரு கதையை உருவாக்கினார். அதுதான் 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ ஆனது. படத்தின் தொடக்கத்தில் எழுத்துகள் மேலே ஏறிப் போவது அந்தப் பழைய தொடர்படங்களிலிருந்து வந்த வழக்கம்.

திரைக்கதையை மட்டும் படித்தால் ஸ்டுடியோவுக்கு அது புரியாது என்று லூகாஸுக்குத் தெரிந்திருந்தது. போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்ப ஓவியராக இருந்த ரால்ஃப் மெக்வாரியிடம் சில காட்சிகளைத் தீட்டித் தரச் சொன்னார். 1975 தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்களில் ஒன்று, வில்லன் டார்த் வேடர் ஒளிவாளோடு மோதும் காட்சி. அந்த வரைவுக் கதைப்படி வேடர் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு விண்வெளி வழியாக வர வேண்டும். அப்படியானால் எப்படி மூச்சு விடுவார் என்று யோசித்த மெக்வாரி, ஒரு சுவாச முகமூடியை மாட்டிவிட்டார். கதை பிறகு மாறியது, முகமூடி மட்டும் நிலைத்துவிட்டது. படமெங்கும் நாம் கேட்கும் அந்த மூச்சொலிக்கும், முகமூடிக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்கும் மூலம் ஓவியரின் அந்த ஒரு நடைமுறைச் சந்தேகம்.

இதே காலத்தில் பிரான்ஸில் ‘வலேரியன்’ என்ற காமிக்ஸ் தொடர் பத்தாண்டுகளாக வந்துகொண்டிருந்தது. பியேர் கிறிஸ்தான் எழுத, ழான்-க்ளோத் மெஸியேர் வரைய, 1967இல் தொடங்கியது. பல இன மக்கள் நெருக்கியடிக்கும் சந்தைகள், பழுதான தட்டு வடிவ விண்கலம், திரவத்தில் உறைய வைக்கப்பட்ட நாயகன் எல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தன. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் இவற்றின் சாயலைப் பல வாசகர்கள் கண்டார்கள். மெஸியேரும் கண்டார். அவர் நீதிமன்றம் போகவில்லை, வரைந்தார். 1983இல் வந்த அந்த ஓவியத்தில், விண்வெளி மதுக்கூடம் ஒன்றில் ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரங்களான லூக்கும் லேயாவும், வலேரியனையும் அவன் தோழி லோரலினையும் சந்திக்கிறார்கள். உங்களை இங்கே பார்க்கிறோமே என்று லேயா வியக்க, நாங்கள் இங்கே ரொம்ப நாளாக வந்துபோகிறோம் என்கிறாள் லோரலின்.

எது தற்செயல், எது கடன் என்று இதில் தீர்ப்பு சொல்வது எளிதல்ல. எல்லோரும் ஒரே நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள். ஆனால் படத்தின் பெயரை உலகமே அறிந்திருக்க, அதே பாதையில் முன்னால் நடந்த ஓவியரின் பெயர் அவர் நாட்டுக்கு வெளியே தெரியாமல் இருந்தது நியாயமில்லை. ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது இயக்குநர், நடிகர் பெயரோடு ஓவியர் பெயரையும் எழுதும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

அதன் பிறகு கதவு அகலமாகவே திறந்துவிட்டது. 1982இல் வந்த ‘டிரான்’ படத்துக்கு மோபியஸும் சிட் மீட்டும் சேர்ந்தே வேலை செய்தார்கள். உடைகள் மோபியஸுடையவை, ஒளிக்கோடு விட்டுச் செல்லும் பைக் மீட்டுடையது. ஜப்பானில் காமிக்ஸ்காரர்களே இயக்குநரானார்கள். கட்சுஹிரோ ஓட்டோமோ தன் ‘அகிரா’ மங்காவை 1988இல் தானே படமாக்கினார். ஹயாவோ மியாசாகி தன் ‘நௌசிகா’வுக்கு ‘அர்ஸாக்’ தந்த தூண்டுதலைச் சொல்லத் தயங்கியதே இல்லை. மோபியஸ் பதிலுக்குத் தன் மகளுக்கு நௌசிகா என்று பெயர் வைத்தார். 1999இல் ‘தி மேட்ரிக்ஸ்’ எடுத்த வச்சோவ்ஸ்கிகள் காமிக்ஸுக்குக் கதை எழுதிப் பழகியவர்கள். ஜெஃப் டாரோவை இயந்திரங்களை வரையவும், ஸ்டீவ் ஸ்க்ரோஸை ஸ்டோரிபோர்டு வரையவும் அழைத்தார்கள், இருவரும் காமிக்ஸ்காரர்கள். மனிதர்களைக் கூடுகளில் அடைத்து வளர்க்கும் அந்தக் கோபுரங்களை டாரோவின் பென்சில் ஓவியத்தோடு ஒப்பிட்டால், ஒரு வயரைக்கூட விடாமல் திரைக்குக் கொண்டுவந்திருப்பது தெரியும். படம் எப்படி இருக்கும் என்று ஸ்டுடியோவை நம்பவைத்ததும் இந்த ஓவியங்கள்தான்.

மெஸியேருக்கும் கடைசியில் ஒரு படம் முறைப்படி கிடைத்தது. ‘வலேரியன்’ படித்து வளர்ந்த லுக் பெஸ்ஸோன், 1990களின் தொடக்கத்தில் ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ படத்துக்காக மெஸியேரையும் மோபியஸையும் அழைத்தார். மெஸியேர் ஆழமான நகரத்தையும் அதில் பறக்கும் டாக்ஸிகளையும் வரைந்தார். பிறகு பணம் கிடைக்காமல் வேலை நின்றது. சும்மா இருப்பானேன் என்று அவர் அந்த டாக்ஸிகளைத் தன் அடுத்த வலேரியன் ஆல்பத்தில் சேர்த்து, டாக்ஸி ஓட்டுநரையும் ஒரு பாத்திரமாக்கினார். 1994இல் அந்த ஆல்பம் வந்தது. அதுவரை பெஸ்ஸோனின் நாயகன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். ஆல்பத்தைப் பார்த்த பிறகு நாயகனின் தொழிலையே மாற்றினார். 1997இல் படம் வெளிவந்தபோது ப்ரூஸ் வில்லிஸ் மஞ்சள் நிறப் பறக்கும் டாக்ஸியின் ஓட்டுநராக இருந்தார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பழக விரும்புகிறவர்கள், முதலில் ‘தி லாங் டுமாரோ’ பக்கங்களைப் படித்துவிட்டு அன்றிரவே ‘பிளேட் ரன்னர்’ பார்க்கலாம். ‘ஏலியன்’ மறுபடி பார்க்கும்போது நாஸ்ட்ரோமோவின் கதவுகளருகே வரும் காட்சிகளில் நிறுத்தி நிறுத்திச் சின்னங்களைப் படிக்கலாம். வீட்டில் பழைய கேப்டன் டைகர் இதழ் இருந்தால், பாலைவன நகரம் ஒன்றின் தெருவை மோபியஸ் எப்படி நிரப்புகிறார், எந்தப் பொருளுக்கு நிழல் போடுகிறார், எதை வெறுமனே விடுகிறார் என்று ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். விண்வெளி நகரங்களை வரைந்தபோதும் அவர் கை அதே முறையில்தான் வேலை செய்தது.